கை நடுக்கம் எத்தனை பேருக்கு?



மாவட்டக் கிளினிக்குக்குக் காலை ஏழு மணிக்கே போய், எண் சீட்டு வாங்கிக்கொண்டு, நம் எண் எப்போது வரும் என்று காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மருந்து வாங்க அவரை அழைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் இரண்டு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது மரியாதை அன்று. ஆகவே கைகளைப் பார்ப்போம். ஒருவர் கையில் அட்டை நடுங்குகிறது. இன்னொருவர் கை மடியில் சும்மா கிடக்கும்போதே, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல அசைகின்றன. ஓர் அம்மையாருக்கு ஒரு பக்கத்துக் கண்ணும் கன்னமும் இழுத்து இழுத்து விடுகின்றன. இவர்களில் எவரும் அதற்காகக் கிளினிக்குக்கு வந்தவர் அல்லர். ஒருவர் இரத்த அழுத்தத்திற்கு வந்திருப்பார், ஒருவர் இருமலுக்கு, மற்றொருவர் கால் புண்ணுக்கு.

இப்படிக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இயக்கக் கோளாறு இருக்கும்? அதை எப்படி எண்ணுவது? எண்ணினால் யாருக்கு என்ன பயன்? இவற்றைப் பற்றித்தான் இன்று நாம் சிறிது பேசப் போகிறோம்.

முதலில் இயக்கக் கோளாறு என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். பக்கவாதத்தில் கை கால் பலம் இழந்துவிடுகிறது. இயக்கக் கோளாறில் பலம் பெரும்பாலும் போவதில்லை. கை கால்கள் சொன்னபடி கேட்பதில்லை, அவ்வளவுதான். நம் மூளையின் ஆழத்தில் சில நரம்பணுத் திரள்கள் இருக்கின்றன. தோட்டத்து மண்டோரைப் போன்ற வேலை அவற்றுக்கு. மண்டோர் தாமே மரம் வெட்டுவதில்லை. விடியற்காலைப் பெரட்டில் யார் எந்த நிரைக்குப் போக வேண்டும், யார் நிற்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்துகிறார். அவர் சரியாக இல்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆட்கள் புறப்படாமல் நின்றுகொண்டே இருப்பார்கள். அல்லது கூப்பிடாதவர்களும் ஓடுவார்கள். அதைப் போலவே இயக்கக் கோளாறுகளும் இரண்டு வகை. அசைவு குறைந்து, உடல் விறைத்து, நடை தளர்வது ஒரு வகை. நடுக்கம், இழுப்பு, துள்ளல், முறுக்கு என்று வேண்டாத அசைவுகள் மிகுவது இன்னொரு வகை. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் இரண்டும் கலந்திருக்கும்.

அந்த நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டன் நகரத்தின் ஓக்ஸ்டன் பகுதியில் தொழில் செய்த மருத்துவர். 1817ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் ஆறு பேரே. அந்த ஆறு பேரில் இருவரை அவர் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. மருத்துவரைத் தேடி வராத நோயாளிகள் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார்கள் என்பதை இதிலிருந்தே நாம் அறியலாம். இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்பும் இந்த நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

பின்னர் பாரிஸ் நகரில் சால்பெத்ரியேர் என்னும் பெரிய மருத்துவ இல்லத்தில் ஷார்கோ என்ற பேரறிஞர் பணியாற்றினார். ஆயிரக்கணக்கான மூதாட்டிகளும் ஏழைப் பெண்களும் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார்கள். ஷார்கோ அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, குறிப்பு எடுத்து, எல்லா நடுக்கமும் ஒரே நடுக்கம் அன்று என்று பிரித்துக் காட்டினார். தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பியை நோயாளிகளுக்கு அணிவித்து, இறகு ஆடும் விதத்தைக் கொண்டே நடுக்கத்தின் வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்கினார் என்று சொல்வார்கள். அந்தப் பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் எங்களுக்கு வராமல் இல்லை. ஆயினும் நோயை வகைப்படுத்தி எண்ணும் பழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது. பார்க்கின்சனின் பெயரை அந்த நோய்க்கு நிலைபெறச் செய்தவரும் ஷார்கோவே.

நேயர்களே, இனி கணக்குக்கு வருவோம். உலகத்தில் நடுக்குவாதம் உள்ளவர்கள் 1990ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்றும், 2016ஆம் ஆண்டில் 61 இலட்சம் பேர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 85 இலட்சத்திற்கும் மேல். இந்தப் பெருக்கத்திற்கு முக்கியக் காரணம் மக்கள் நீண்ட காலம் வாழ்வதுதான். ஆனால், நடுக்குவாதத்தைவிட அதிகமாகக் காணப்படும் நடுக்கம் வேறொன்று உண்டு. வேறு நோய் எதுவும் இல்லாமல் கை மட்டும், சிலருக்குத் தலையும் குரலும், நடுங்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்குப்படி, 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வரும். இதைச் சாதாரண நடுக்கம் என்றே இங்கே சொல்லி வைப்போம்.

ஒரு வியப்பைக் கவனியுங்கள். பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் போய் எண்ணினால், இயக்கக் கோளாறு உள்ளவர்களில் நடுக்குவாதக்காரர்களே மிகுதியாக இருப்பார்கள். சாதாரண நடுக்கம் உள்ளவர்கள் குறைவாகவே தெரிவார்கள். ஊருக்குள் போய் வீடு வீடாக எண்ணினால் கணக்கு தலைகீழாகிவிடும். ஏன் இப்படி? நடுக்குவாதம் ஆளை முடக்குகிறது. ஆகவே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. சாதாரண நடுக்கம் உள்ளவரோ இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு காப்பி குடித்துப் பழகிவிடுகிறார். மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணி ஊரின் நிலையைச் சொல்லக் கூடாது என்று ஜோசப் பெர்க்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1946ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். தலைமையாசிரியர் அறைக்கு வரும் மாணவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் முழுவதும் குறும்புக்காரர்கள் என்று முடிவு செய்வது போன்ற தவறு அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது நம் மாவட்டக் கிளினிக். எல்லா வகை நோயாளிகளும் அங்கே வருகிறார்கள். வேறு காரணத்திற்காக வந்தவர்களை வரிசை தவறாமல், ஒருவரையும் விடாமல் பார்த்தால், மறைந்திருக்கும் கோளாறுகள் வெளிப்படும். வரிசை தவறாமல் என்பதுதான் இங்கே முக்கியம். பார்க்க வசதியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது கணக்கெடுப்பு ஆகாது. அதற்குப் பொறுமையும் வேண்டும். 50 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரைப் பார்த்தால், நடுக்குவாதம் உள்ளவர்கள் மூன்று பேர் கிடைக்கலாம். நூறு பேரைப் பார்த்துவிட்டு இங்கே ஒருவருக்கும் இல்லை என்று எழுதினால் அதில் பொருள் இல்லை.

ஆயிரத்துக்கு மூன்று என்று எங்கிருந்து சொன்னோம் என்று கேட்பீர்கள். நமக்கு மிக அருகில், சிங்கப்பூரில் நடந்த ஆய்வு அது. 2004ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. சிங்கப்பூரின் மத்தியப் பகுதியில் 50 வயதைக் கடந்த 15,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: சீனர் 9,000, மலாய்க்காரர் 3,000, இந்தியர் 3,000. அவர்களில் 67 விழுக்காட்டினர் பங்குபெற்றனர். மூன்று கட்டங்களாக அந்த ஆய்வு நடைபெற்றது. நடுக்குவாதம் சீனரிடையே 0.33 விழுக்காடு, மலாய்க்காரரிடையே 0.29, இந்தியரிடையே 0.28 என்று கணக்கு வந்தது. அதாவது மூன்று இனத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. நோய் இனம் பார்த்து வரவில்லை.

ஆனால், அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது அதுதான். நோய் இருந்தும் அதுவரை எந்த மருத்துவராலும் கண்டறியப்படாமல் இருந்தவர்கள், சீனரைவிட மலாய்க்காரரிடையேயும் இந்தியரிடையேயும் அதிகம். சிங்கப்பூர் இந்தியர் என்றால் பெரும்பாலோர் தமிழர் என்பது நாம் அறிந்ததே. நோய் எல்லாருக்கும் ஒரே அளவில்தான் இருக்கிறது. நம்மவருக்கு மட்டும் அதற்குப் பெயர் வைக்கப்படாமல் இருக்கிறது. கிளினிக் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கும் நகரத்திலேயே இப்படியென்றால், செம்மண் சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தோட்டப்புறத்தைப் பற்றி என்ன சொல்வது?

வீடு வீடாகச் சென்று எண்ணியதற்கும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பம்பாய் நகரில் பார்சி மக்கள் தங்கள் சமூகத்தவருக்கென்றே கட்டிய குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அங்கே 14,010 பேரை விசாரித்ததில் 46 பேருக்கு நடுக்குவாதம் இருந்தது என்று 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முதியவர்கள் மிகுந்த சமூகம் ஆதலால் அங்கே எண்ணிக்கை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. வயதைச் சொல்லாமல் வெறும் விழுக்காட்டை மட்டும் சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது கேள்வித்தாளைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆசிரியர் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, எங்கள் மனம் இதில்தான் அதிகமாகச் சென்றது. இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. கை கால் நடுங்குகிறதா? நாற்காலியிலிருந்து எழுவது கடினமாக இருக்கிறதா? உங்கள் கையெழுத்து முன்பைவிடச் சிறுத்துவிட்டதா? குரல் தாழ்ந்துவிட்டதா? நடக்கும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொள்வது போல இருக்கிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? நல்ல கேள்விகள்தாம். நடுக்குவாதத்தில் எழுத்து வரவரச் சிறுத்துப்போவது உண்மை. ஆனால் நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிய பாட்டி ஒருவரிடம், உங்கள் கையெழுத்து சிறுத்துவிட்டதா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவர் சம்பளப் புத்தகத்தில் பெருவிரல் ரேகை வைத்தவர். சட்டைப் பொத்தான் அவருக்கு எதற்கு?

அவரிடம் கேட்க வேண்டியவை வேறு. சேலைக் கொசுவம் வைக்க முன்பைவிட நேரம் ஆகிறதா பாட்டி? ரொட்டிக்கு மாவு பிசைய முடிகிறதா? வாசலில் கோலப் புள்ளி நெருங்கி நெருங்கி வருகிறதா? அம்மியில் அரைக்கும்போது கை இடையில் நின்றுவிடுகிறதா? இப்படிக் கேட்டால் பதில் உடனே வரும். ஆண்களிடம், மங்கில் உள்ள பாலை வாளியில் ஊற்றும்போது சிந்தியதா என்று கேட்கலாம். மரம் வெட்டியவர்களுக்குப் பட்டையில் கத்தி இறங்கும் ஆழம் நன்றாகத் தெரியும். ஆழம் தவறினால் மரத்தில் காயம் விழும், மண்டோர் திட்டுவார். எந்த ஆண்டிலிருந்து காயம் விழத் தொடங்கியது என்று அவர்கள் நினைவு வைத்துச் சொல்வார்கள். நோய் தொடங்கிய காலம் அதுவே.

சொற்களும் சிக்கலானவை. நடுக்கம் என்றால் நம்மவருக்குக் குளிர்காய்ச்சல் நடுக்கமும் நடுக்கம்தான், பயமும் நடுக்கம்தான், பசியால் வரும் தளர்ச்சியும் நடுக்கம்தான். இழுப்பு என்று ஒருவர் சொன்னால் அது வலிப்பாகவும் இருக்கலாம், மூச்சு இழுப்பாகவும் இருக்கலாம், முகம் இழுப்பதாகவும் இருக்கலாம். வாதம் என்ற ஒரு சொல்லுக்குள் பக்கவாதம், மூட்டுவாதம், நடுக்குவாதம் மூன்றும் அடங்கிவிடுகின்றன. மிஸ்ஸி மலாய் மொழியில் கேட்க, கூட வந்த பேரன் அதைத் தமிழில் சொல்ல, பாட்டி ஏதோ புரிந்துகொண்டு தலையாட்ட, அது தாளில் ஒரு கோடாகப் பதிவாகிறது. அத்தகைய கோடுகளைக் கூட்டித்தான் விழுக்காடு வருகிறது.

கால் குடைச்சல் என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரவில் படுத்தவுடன் கெண்டைக்காலில் ஏதோ ஊர்வது போல இருக்கும். காலை ஆட்டினால், எழுந்து நடந்தால் குறையும். இதுவும் இயக்கக் கோளாறுகளோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மேல்நாடுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் பார்த்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, 55 வயதுக்கு மேற்பட்டோரில் 0.6 விழுக்காடு, 21 வயதுக்கு மேற்பட்டோரில் 0.1 விழுக்காடு என்று மிகக் குறைவாக வந்தது. ஆசிய மக்களுக்கு உண்மையிலேயே இது குறைவாக இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் தைல வாசனை இல்லாத இரவே இல்லை. அந்தக் கேள்வியைத் தமிழில் "கால் குடையுதா?" என்று கேட்டிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. இரும்புச் சத்துக் குறைவாலும் இது வரும் என்பதால், இரத்தசோகை உள்ள நம் பெண்களிடம் இதைக் கேட்பது வீண் போகாது.

இனி ஒரு பழைய கதை. நாங்கள் சிறுவயதில் வாழ்ந்த லயத்தில், கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். காப்பிக் குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி சிந்திவிடும். கையை மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. மாலையில் கள்ளுக்கடைக்குப் போய் ஒரு குவளை குடித்துவிட்டு வந்தால் கை நின்றுவிடும். உடனே லயத்தில் என்ன பேசினார்கள்? "பாரு, கள்ளு உள்ளே போனாத்தான் கிழவனுக்குக் கை நிக்குது!" குடித்துக் குடித்துக் கெட்டுப்போன கை என்று பெயராகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்காரமாட்டார். பாயசத்தைச் சிந்திவிடுவோமே என்ற கூச்சம். வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்வார்.

இவ்வளவு காலம் கழித்து, சாதாரண நடுக்கத்தைப் பற்றிப் படித்தபோது நாங்கள் திடுக்கிட்டோம். அந்த நடுக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்காவது, சிறிது மது உள்ளே போனால் நடுக்கம் சில மணி நேரம் அடங்கும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மது அந்த நடுக்கத்தை உண்டாக்கவில்லை, தற்காலிகமாக அடக்குகிறது. குடிக்கு அடிமையானவர் குடியை நிறுத்தினாலும் கை நடுங்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. அதற்கு மருத்துவர் வேண்டும், நேரம் வேண்டும். தாத்தாவின் அண்ணனுக்கும் அதே நடுக்கம் இருந்தது, அவர் மகளுக்கும் பின்னாளில் வந்தது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்த மகள் கள்ளைத் தொட்டவர் அல்லர். தாத்தாவை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் புரோப்பிரனோலோல் போன்ற மருந்தாவது கிடைத்திருக்கலாம். பழைய மருந்துதான், விலையும் அதிகம் இல்லை. மூச்சு இழுப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு நடுக்கங்களையும் வீட்டில் இருந்தபடியே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். கை ஓய்ந்திருக்கும்போது நடுங்கி, ஒன்றை எடுக்கப் போகும்போது குறைந்தால் அது நடுக்குவாதத்தின் பக்கம். ஓய்வில் அமைதியாக இருந்து, கரண்டியையோ குவளையையோ தூக்கும்போது நடுங்கினால் சாதாரண நடுக்கத்தின் பக்கம். நடுக்குவாதம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். நடக்கும்போது அந்தக் கை வீசாது. நடுக்கமே இல்லாத நடுக்குவாதமும் உண்டு. மந்தமும் விறைப்பும் மட்டும் இருக்கும். அதை மூப்பு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். நாம் பார்த்ததை அவரிடம் சொல்லலாம்.

கிளினிக்கில் எண்ணும்போது மறக்கக் கூடாத வகை ஒன்று இருக்கிறது. அது மருந்தால் வரும் நடுக்கம். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மட்டுமல்லாமல், குமட்டலுக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும், மெட்டோக்ளோப்ரமைட், புரோக்ளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை, நீண்ட நாள் சாப்பிட்டால் முதியவர்களுக்கு நடுக்குவாதம் போன்ற விறைப்பையும் மந்தத்தையும் கொண்டுவந்துவிடும். மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நம்மவர் தலைசுற்றல் மாத்திரையை அரிசி பருப்பு போல வாங்கி வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கும் இரண்டு கொடுக்கிறார்கள். மருத்துவர் எழுதிய மருந்தை நாமாக நிறுத்தவும் கூடாது. ஆகவே கிளினிக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, சூரணம் எல்லாம் சேர்த்துத்தான். பூனைக்காலி விதையில் நடுக்குவாதத்திற்குக் கொடுக்கும் லெவோடோப்பா என்ற மருந்தே இயற்கையாக இருக்கிறது. அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்த கொடி ஒன்றை நம் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் நிலத்தை மூடுவதற்குப் பரப்பி வளர்க்கிறார்கள். அதற்காகக் காட்டில் பறித்துத் தின்றுவிடாதீர்கள். அளவு தெரியாமல் தின்றால் வேறு கேடு வரும்.

தோட்டம் என்றவுடன் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் நினைவுக்கு வரும். முதுகில் தோம்பு சுமந்து மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் பலர். பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று அமெரிக்க விவசாயத் தொழிலாளர்களிடையே நடத்திய ஆய்வு ஒன்று 2011ஆம் ஆண்டில் தெரிவித்தது. அதுதான் காரணம் என்று எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. மலேசியாவில் அந்த மருந்துக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை இருக்கிறது. ஆனால் இத்தகைய நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அறிகுறி தெரிவதற்குள் டோப்பமின் சுரக்கும் அணுக்களில் பாதியளவு அழிந்திருக்கும் என்கிறார்கள். ஆகவே கிளினிக் கணக்கெடுப்பில் வயது, பால், இனம் ஆகியவற்றோடு, என்ன வேலை செய்தீர்கள் என்ற கேள்வியும் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர் என்று எழுதினால் போதாது.

இதுவரை முதியவர்களைப் பற்றியே பேசிவிட்டோம். இயக்கக் கோளாறு பிள்ளைகளுக்கும் உண்டு. இதைச் சொல்வதற்கு எங்களுக்கு ஒரு கடமை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். ஓயாமல் கண்ணைச் சிமிட்டுவான். தோளைக் குலுக்குவான். பாடம் நடக்கும்போது தொண்டையை ஒரு மாதிரியாகச் செருமுவான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வேண்டுமென்றே செய்கிறான் என்று நாங்கள் கண்டித்தோம். வெளியே நிறுத்தினோம். கண்டிக்கக் கண்டிக்க அது அதிகமானது. பயிற்சிக் கல்லூரியில் பிள்ளைகளின் உளவியல் படித்தவர்கள்தாம் நாங்கள். இது எங்கள் பாடத்தில் வரவில்லை. ஒரு நாள் அவன் அம்மா வந்தார். "டீச்சர், அடிச்சும் பாத்துட்டோம், மந்திரிச்சும் பாத்துட்டோம். தூங்கும்போது மட்டும் சும்மா இருக்கான்," என்றார். பிறகு மருத்துவரிடம் காட்டியபோதுதான், அது தன்னை அறியாமல் வரும் நரம்புத் துடிப்பு என்று தெரிந்தது. சிறிது நேரம் அடக்கி வைக்க முடியும். பிறகு தும்மலைப் போல வெடித்துக்கொண்டு வரும். பதற்றத்தில் அதிகமாகும். ஐந்து முதல் ஏழு வயதில் தொடங்கி, பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்திற்குப் போய், பெரும்பாலோருக்கு வளர வளரக் குறைந்துவிடும். உடல் துடிப்பும் குரல் துடிப்பும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதற்கு தூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் 1885ஆம் ஆண்டில் அதை விவரித்தார். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இது இருக்கிறது. முந்நூறு பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஓரிருவர் இருப்பார்கள் என்று பொருள். அந்தப் பையனிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "பரவாயில்லை டீச்சர்," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

பிள்ளைகளிடம் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. தொண்டைப் புண் வந்து சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பிறகு, ஒரு பிள்ளை திடீரென்று பென்சிலைக் கீழே போடுவதும், கை கால் துள்ளுவதும், காரணமின்றி அழுவதுமாக இருந்தால், அது கீல்வாதக் காய்ச்சலோடு சேர்ந்த நோயாக இருக்கலாம். ஐந்து முதல் பதினைந்து வயது வரை வரும், பெண்பிள்ளைகளுக்கு அதிகம். இதில் துள்ளல் தானே அடங்கிவிடும். ஆனால் இதய வால்வு கெட்டுப்போகக்கூடும் என்பதால் உடனே பார்க்க வேண்டும். மற்றொன்று மிக அரிதானது, ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒருவருக்கு வருவது. உடலில் செம்புச் சத்து வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்து கோணலாகும், பேச்சு குழறும், படிப்பு சரியும். கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரியலாம். இலண்டன் மருத்துவர் வில்சன் 1912ஆம் ஆண்டில் இதை எழுதியபோது இது உயிரை வாங்கும் நோய். 1956ஆம் ஆண்டில் பென்சிலமைன் என்ற மருந்து வந்த பிறகு, வாழ்நாள் முழுவதும் சிகிச்சையை விடாமல் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. காலத்தில் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து கோணலானதை முதலில் பார்ப்பவர் மருத்துவரா, ஆசிரியரா?

எங்கள் அம்மாவுக்கு அடுத்த மாதம் கிளினிக் தேதி வருகிறது. இம்முறை பக்கத்து வீட்டுப் பாட்டியையும் அழைத்துப் போகிறோம். அவர் போவது இரத்த அழுத்தத்திற்குத்தான். ஆனால் சேலைக் கொசுவம் வைக்க இப்போதெல்லாம் கால் மணி நேரம் ஆகிறது என்று சென்ற வாரம் வாய்தவறிச் சொன்னார். அதை மிஸ்ஸியிடம் நாங்களே மலாய் மொழியில் சொல்லப் போகிறோம். மாத்திரைப் பையும் தயாராக இருக்கிறது.